வீட்டுக்கு வந்து கணக்குக் கேட்கிறார்களே, எதற்கு? சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடல்நலம், நலத்திட்டங்கள், வீட்டுச் செலவு பற்றி வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதும் பொருளாதார ஆய்வுகளில், கேள்வி கேட்கப் போகிற பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. சேலம் நகரத்திலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் ஏற்காட்டு மலைக் கிராமங்களிலும் எங்களிடம் திருப்பிக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். எல்லாமே நியாயமான கேள்விகள்.

ஆஸ்பத்திரிச் செலவு, சாப்பாடு, குடி, தூக்கம் எல்லாம் டாக்டர் கேட்க வேண்டியது. பொருளாதாரம் படித்தவர்களுக்கு இதில் என்ன வேலை?

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்கு வளையம் பற்றவைக்கிறவருக்கு ஒரு வாரம் காய்ச்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் பார்ப்பது அது டெங்குவா, டைபாய்டா என்று. நாங்கள் பார்ப்பது வேறு. அவருக்கு உருப்படிக் கணக்கில்தான் கூலி, ஆகவே அந்த வாரம் வருமானம் பூஜ்யம். பக்கத்தில் உட்கார்ந்து கொக்கி மாட்டும் மனைவியும் ஆஸ்பத்திரிக்கு அலைவதால் அவர் கூலியும் போச்சு. தனியார் கிளினிக், ரத்தப் பரிசோதனை, மருந்துக் கடை, ஆட்டோ. கையில் இல்லாததற்குத் தோட்டை அடகு வைக்கிறார்கள். காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டுவிடும். தோட்டை மீட்க ஒரு வருஷம்கூட ஆகலாம். அந்த ஒரு வருஷத்தில் பெண்ணின் டியூஷன் நின்றதா, வீட்டில் முட்டை வாங்குவது குறைந்ததா என்பதெல்லாம் எந்த மருத்துவச் சீட்டிலும் வராது.

இந்தியாவில் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் சொந்தக் கையிலிருந்து கொடுத்த பங்கு 2013-14ல் 64.2 சதவீதம். 2021-22ல் அது 39.4 சதவீதமாக இறங்கியிருக்கிறது. பெரிய முன்னேற்றம்தான். தமிழ்நாட்டில் 2009ல் தொடங்கிய காப்பீட்டுத் திட்டத்துக்கும் இப்போது 5 லட்சம் வரை வரம்பு இருக்கிறது. ஆனால் காப்பீடு பெரும்பாலும் படுக்கையில் சேர்த்தால்தான் கைகொடுக்கும். மாதா மாதம் வாங்கும் சர்க்கரை மாத்திரை, பஸ் கட்டணம், கூட இருப்பவருடைய சாப்பாடு, போன கூலி எல்லாம் வீட்டுத் தலையில்தான். அது எவ்வளவு என்று வீட்டில் வந்து கேட்காமல் தெரியாது.

இப்படி ஆய்வு செய்வது இப்போது வந்த பழக்கமா?

சேலத்துக்கு இது பழைய கதை. ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானதும் (இன்றைய முதலமைச்சர் பதவியை அன்று அப்படித்தான் சொன்னார்கள்) 1937 அக்டோபர் 1ஆம் தேதி மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில்தான். அப்போதைய சேலம் மாவட்டம் என்றால் இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் எல்லாம் சேர்ந்தது. ஒரே நாளில் கள்ளுக்கடை, சாராயக்கடை அத்தனையும் மூடியாச்சு. குடிக்குப் போன காசு இனி எங்கே போகும்? கடன் குறையுமா, சாப்பாடு கூடுமா? சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் பி.ஜே.தாமஸ் இந்தக் கேள்விகளோடு சேலத்தில் ஆய்வு நடத்தினார். சட்டத்தால் நடத்தை மாறினால் வீட்டுக் கணக்கு எப்படி மாறும் என்று இந்தியாவில் பார்த்த மிக முந்தைய முயற்சிகளில் அது ஒன்று. நம் ஊரில் நடந்தது என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

அந்த ஆய்வின் சிக்கலும் இன்றுவரை எங்களுக்குப் பாடம். மதுவிலக்குக்கு முன்பு இருந்த கணக்கையும் பின்பு வந்த கணக்கையும் மட்டும் வைத்தால், நடுவில் மழை பெய்தது, நூல் விலை ஏறியது, எல்லாமே மதுவிலக்கின் பலனாகத் தெரியும். கள்ளுக்கடை இன்னும் திறந்திருந்த பக்கத்து மாவட்டத்தில் அதே காலத்தில் என்ன நடந்தது என்றும் பார்த்தால்தான் உண்மை பிடிபடும். செலவுப் பக்கத்தையும் மறக்கக் கூடாது. மரமேறிப் பிழைத்தவர்களின் அடுப்பு அணைந்ததும் அதே கணக்கில் சேரத்தான் வேண்டும்.

இன்னொன்று. மது வருமானம் போன ஓட்டையை அடைக்க 1939ல் சென்னை மாகாணம் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது. இந்தியாவில் அதுதான் முதல். மதுவிலக்கு 1943ல் நிறுத்தப்பட்டது, பிறகு வந்தது, 1971ல் மறுபடி போனது. வரி மட்டும் நிலைத்துவிட்டது. இன்று டாஸ்மாக் மூலம் அரசுக்கு வருவது 2023-24ல் 45,000 கோடி ரூபாய்க்கும் மேல். அதில் பெரும்பகுதி விற்பனை வரியின் வாரிசான மதிப்புக்கூட்டு வரி. மதுவுக்குப் பதிலாகப் பிறந்த வரியே இன்று மதுவின் மேல்தான் பெரிதாக நிற்கிறது. மதுக்கடையைக் குறைக்க வேண்டும் என்று மனதார நினைக்கிற நான், இந்தத் தொகைக்கு மாற்று என்ன என்று கணக்கோடு பேசாத எந்தப் பேச்சையும் முழுப் பேச்சாக எடுத்துக்கொள்வதில்லை.

குடும்பத் தலைவிக்கு மாதம் 1000 ரூபாய் கொடுக்கிறார்கள். அதுவும் டாஸ்மாக்குக்குத்தானே போகும்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள்.

உதவித்தொகை கொடுத்தால் குடியும் புகையும் கூடுகிறதா என்று பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை டேவிட் எவன்ஸ், அன்னா போபோவா என்ற உலக வங்கிப் பொருளாதார அறிஞர்கள் 2014ல் ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார்கள். கூடவில்லை. பல இடங்களில் சற்றுக் குறைந்தும் இருந்தது. பணம் யார் கையில் விழுகிறது என்பதும் முக்கியம். தென்னாப்பிரிக்காவில் முதியோர் ஓய்வூதியத்தை எஸ்தர் டூஃப்ளோ ஆராய்ந்தார். பாட்டி கையில் ஓய்வூதியம் வந்த வீடுகளில் பேத்திகளின் உயரமும் எடையும் தேறின. தாத்தா கையில் வந்த வீடுகளில் அப்படி எதுவும் தெரியவில்லை. ஒரே தொகைதான், ஒரே மாதிரி வீடுதான்.

தமிழ்நாட்டில் மகளிர் உரிமைத்தொகை 2023 செப்டம்பர் 15 முதல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு நேராக வங்கிக் கணக்கில் போகிறது. நாங்கள் கேட்பது: “போன மாசம் அந்தப் பணத்தை யார் போய் எடுத்தாங்க? ஏடிஎம் அட்டை யார்கிட்ட இருக்கு? எதுக்குச் செலவழிக்கறதுன்னு யார் சொன்னாங்க?” மூன்றும் தனித்தனிக் கேள்வி. அம்மாப்பேட்டையில் ஒரு அம்மா மூன்றுக்கும் “நான்தான்” என்று சொல்லிவிட்டு, “குழுக்கடன் வாரத் தவணைக்கே சரியாப் போயிடுதுங்க” என்றார். குடிக்குப் போகவில்லை, சாப்பாட்டுக்கும் போகவில்லை. கந்துவட்டிக்காரரிடம் போகாமல் தடுத்திருக்கிறது. இதை நல்ல பலன் என்பதா, போதாத பலன் என்பதா? இரண்டும்தான் என்பேன்.

இலவசமாகக் கொடுத்தால் மதிப்பு இருக்காது. பத்து ரூபாயாவது வாங்கினால்தானே அக்கறையோடு பயன்படுத்துவார்கள்?

கேட்க நியாயமாக இருக்கும். சோதித்துப் பார்த்தபோது அப்படி வரவில்லை. கென்யாவில் கர்ப்பிணிகளுக்குக் கொசுவலை கொடுப்பதில் ஜெசிகா கோஹன், பாஸ்கலின் தூபா இருவரும் விலையை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். சின்ன விலை வைத்ததுமே வாங்குகிறவர்கள் கூட்டமாகக் குறைந்தார்கள். காசு கொடுத்து வாங்கியவர்கள் இலவசமாக வாங்கியவர்களைவிட அதிகமாகப் பயன்படுத்தவும் இல்லை.

ராஜஸ்தானின் உதய்ப்பூர் பக்கம் நடந்தது இன்னும் தெளிவு. தடுப்பூசி ஏற்கெனவே இலவசம்தான். ஆனாலும் குழந்தைகளில் முழுத் தடுப்பூசி போட்டவர்கள் 6 சதவீதம். மாதாமாதம் தவறாமல் முகாம் நடத்தியதும் 18 சதவீதம் ஆனது. முகாமோடு ஒரு கிலோ பருப்பும் கொடுத்ததும் 39 சதவீதம். அந்தத் தாய்களுக்கு அக்கறை இல்லாமல் இருந்திருந்தால் ஒரு கிலோ பருப்பு அதை வாங்கித் தந்திருக்காது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டும், வந்தால் நர்ஸ் இருப்பாரா என்று தெரியாது என்பதுதான் தடை.

நம் ஊர்ப் பக்கம் பேருந்தைப் பாருங்கள். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இதனால் பெண்களுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு கண்டது. சேலத்தில் வீட்டு வேலைக்கும் ஜவுளிக் கடைக்கும் போகிற பெண்களுக்கு அது கூலி உயர்வுக்குச் சமம்.

மதிய உணவைப் பற்றியும் ஒரு வார்த்தை. காமராஜர் 1956லும் எம்.ஜி.ஆர். 1982லும் செய்ததன் பலனை அன்றைய பிள்ளைகளோடு நிறுத்தி எடை போட முடியாது. பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட சிறுமிகள் பின்னால் தாயானபோது அவர்களுடைய குழந்தைகளின் உயரமும் நன்றாக இருந்தது என்று 2021ல் வெளிவந்த அகில இந்திய ஆய்வு காட்டியது. 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த காலை உணவின் முழுக் கணக்கும் நமக்கு 2050 வாக்கில்தான் கிடைக்கும்.

பாதி ஊருக்குக் கொடுத்துவிட்டு பாதி ஊருக்குக் கொடுக்காமல் ஆராய்வது அநியாயம் இல்லையா?

எல்லோருக்கும் கொடுக்கப் பணமும் ஆளும் இருக்கும்போது, வேலை செய்யும் என்று ஏற்கெனவே தெரிந்த ஒன்றை, ஆய்வுக்காக யாருக்காவது மறுத்தால் அது அநியாயமேதான். அதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆனால் பெரும்பாலும் நிலைமை வேறு. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் சமையலுக்கு ஓர் உதவியாளர் இருந்தாலும், ஒரே ஊழியர்தான் எடை பார்க்கவும் வேண்டும், பதிவேடு எழுதவும் வேண்டும், பாட்டு சொல்லித் தரவும் வேண்டும். கூடுதலாக அரைநாள் ஊழியர் ஒருவரைப் போட்டால் பலன் உண்டா? 320 அங்கன்வாடிகளை எடுத்து, எவற்றுக்குக் கூடுதல் ஆள் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்துச் சோதித்தார்கள் கார்த்திக் முரளிதரனும் அவருடைய கூட்டாளிகளும். கூடுதல் ஆள் வந்த இடங்களில் கற்பிக்கும் நேரம் இரண்டு மடங்கானது, பிள்ளைகளின் படிப்பு தேறியது, வளர்ச்சிக் குறைவும் குறைந்தது. எல்லா அங்கன்வாடிக்கும் ஒரே நேரத்தில் ஆள் போட அரசிடம் பணம் இல்லாதபோது, சிபாரிசில் போடுவதைவிடக் குலுக்கலில் போடுவது நேர்மை. அதோடு, இந்த ஊருக்கு ஏன் கிடைத்தது, அந்த ஊருக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு எந்தத் தனிக் காரணமும் இல்லாததால்தான் பலனையும் தெளிவாகப் பிரித்துப் பார்க்க முடிகிறது.

சேலத்தைப் பற்றிப் பேசினாலே பெண் குழந்தை விஷயத்தை எடுக்கிறீர்கள். அது பழைய கதை ஆகிவிட்டதே?

ஆகவில்லை. வலிக்கிற விஷயம் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

இயற்கையாகப் பிறப்பில் 1000 ஆண் குழந்தைக்கு ஏறக்குறைய 950 பெண் குழந்தைகள் இருக்கும். 2001 கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்டவர்களில் தமிழ்நாட்டின் எண் 942. சேலம் மாவட்டத்தில் 851. அதாவது 1000 பையன்கள் இருக்கும் இடத்தில் சுமார் நூறு பெண்கள் இருந்திருக்க வேண்டியவர்கள், இல்லை. இப்படிக் காணாமல் போன பெண்கள் பத்துக் கோடிக்கும் மேல் என்று 1990ல் அமர்த்தியா சென் எண்ணிக் காட்டியபோது உலகம் அதிர்ந்தது. நமக்கு அது பக்கத்துத் தெரு.

1992ல் தொட்டில் குழந்தைத் திட்டம் முதலில் சேலத்தில்தான் தொடங்கியது. வளர்க்க முடியாத பெண் குழந்தையைக் கொல்லாதீர்கள், அரசுத் தொட்டிலில் விட்டுவிடுங்கள் என்றது அரசு. அதே ஆண்டில் பெண் குழந்தை பெயரில் வைப்புத்தொகை போடும் திட்டமும் வந்தது. 1994ல் கருவில் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம். 2011 கணக்கெடுப்பில் சேலத்தின் எண் 900ஐத் தாண்டியது.

எந்தத் திட்டத்தால் தாண்டியது? இங்கேதான் நிதானம் வேண்டும். தொட்டில், வைப்புத்தொகை, ஸ்கேன் சட்டம், மகளிர் குழுக்கள், பெண்கள் படிப்பு, ஜவுளி ஆலை வேலை எல்லாம் ஒரே காலத்தில் வந்தவை. ஒன்றைத் தனியாக எடுத்து மாலை போட முடியாது. 1991 கணக்கோடு ஒப்பிடுகிறவர்கள் அப்போது நாமக்கல்லும் சேலத்தோடு இருந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஆராய்ச்சி காட்டும் ஒரு சங்கடமும் உண்டு. வீட்டுக்கு ஒரு பிள்ளை போதும் என்று ஆனபோது, அந்த ஒன்று பையனாக இருக்கட்டும் என்ற எண்ணம் பல இடங்களில் இறுகியது. ஹரியானாவில் பெற்றோர்களிடம் கேட்டுப் பார்த்த சீமா ஜெயச்சந்திரன், முப்பது ஆண்டுகளில் பாலின விகிதம் கெட்டதில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குடும்பம் சுருங்கியதால்தான் என்று கணக்கிட்டார். நம் வைப்புத்தொகைத் திட்டத்தின் நிபந்தனையும் ஆண் வாரிசு இருக்கக் கூடாது, பெற்றோரில் ஒருவர் குடும்பநல அறுவை செய்திருக்க வேண்டும் என்பதே. இரண்டாவதும் பெண் என்றானபின் மூன்றாவதாகப் பையன் வருவானா என்று காத்திருக்கும் வீட்டுக்கு அந்தத் தொகை போய்ச் சேராது. ஆபத்து அதிகம் அந்த வீட்டில்தான். இந்த நிபந்தனையை மறுபடி யோசிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தறி ஓட்டுபவரிடம் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று கேட்கிறீர்கள். எதற்கு?

சென்னையில் குறைந்த வருமானக்காரர்களிடம் நடந்த ஓர் ஆய்வுதான் காரணம். அவர்கள் இரவில் தூங்கியது ஐந்தரை மணி நேரம் அளவுக்கே. கண்மறைப்பு, காதடைப்பான், மின்விசிறி எல்லாம் கொடுத்ததில் தூக்கம் தினமும் 27 நிமிடம் கூடியது. வேலைத்திறன் கூடவில்லை. வெப்பமும் சத்தமும் நடுநடுவே எழுப்பிவிடும் தூக்கம் அது. ஆனால் பகலில் வேலையிடத்திலேயே அரைமணி நேரம் கண்ணயர விட்டதும் வேலையும் தேறியது, மனசும் தேறியது. சேலத்தில் வீட்டுக்குள்ளேயே தறி ஓடுகிறது. ராத்திரி ஷிப்டில் அப்பா தறி ஓட்ட, பக்கத்து அறையில் பிள்ளைகள் படுத்திருக்கிறார்கள். கேட்காமல் எப்படி இருப்பது?

குடிக்கிறீர்களா, மனைவியை அடித்திருக்கிறீர்களா என்று கேட்டால் யார் உண்மை சொல்வார்கள்?

நேராகக் கேட்டால் சொல்ல மாட்டார்கள். அதற்குப் பட்டியல் முறை என்று ஒன்று இருக்கிறது. பாதிப் பேரிடம் சாதாரணமான நான்கு வாக்கியங்களைப் படித்துக் காட்டி, “இதில் எத்தனை உங்களுக்குப் பொருந்தும்? எதுஎதுன்னு சொல்ல வேண்டாம், எண்ணிக்கை மட்டும் சொல்லுங்க” என்போம். மீதிப் பேரிடம் அதே நான்கோடு கூச்சமான ஐந்தாவது வாக்கியத்தையும் சேர்ப்போம். இரண்டு கூட்டத்தின் சராசரிக்கும் உள்ள வித்தியாசமே எத்தனை பேருக்கு அந்த ஐந்தாவது பொருந்தும் என்று காட்டிவிடும். எந்த ஆளுடைய ரகசியமும் எங்களுக்கே தெரியாது.

ஏற்காட்டுக்குத் தனியாக ஏன் வர வேண்டும்? சேலத்தில் எடுத்ததே போதாதா?

போதாது. நாகலூர், வெள்ளக்கடை, மாரமங்கலம் பக்கம் இருக்கும் மலையாளி என்ற பழங்குடி மக்களின் ஊர்களிலும், காப்பித் தோட்டத்துக் குடியிருப்புகளிலும் வருமானம் மாதச் சம்பளம் போல வருவதில்லை. டிசம்பர், ஜனவரியில் காப்பிப் பழம் பறிக்கும்போது கையில் கூலி புரளும். கோடையில் வேலை குறையும். பறிப்புக் காலத்தில் ஒருமுறை போய், போன 7 நாளில் காய்கறி, முட்டை, கறி எவ்வளவு வாங்கினீர்கள் என்று கேட்டு எழுதினால் எல்லோரும் வசதியாக இருப்பது போலத் தெரியும். அதனால்தான் சிலவற்றை 7 நாளுக்கும், அரிசி பருப்பை 30 நாளுக்கும், துணிமணி, ஆஸ்பத்திரியில் தங்கிய செலவு போன்றதை 365 நாளுக்கும் கேட்கிறோம். மலையில் வெவ்வேறு பருவத்தில் திரும்பவும் வர வேண்டும்.

தூரமும் ஒரு செலவு. கீழே இருப்பவருக்கு ஸ்கேன் என்பது அரைநாள் வேலை. மலையின் உள்கிராமத்துக் கர்ப்பிணிக்கு அது பஸ்ஸுக்குக் காத்திருப்பதோடு சேர்த்து ஒரு முழுநாள், துணைக்கு வருபவரின் கூலியும் சேர்த்து. தமிழ்நாட்டில் 2019-21ல் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடந்தன. அந்த எண்ணைப் பார்த்துவிட்டு மலையில் எல்லாம் சரி என்று நினைத்துவிடக் கூடாது. பிரசவத்துக்கு முந்தைய ஒன்பது மாதத்தில் எத்தனை முறை இறங்கி ஏறினார், அதற்கு யாரிடம் கைமாற்று வாங்கினார் என்பது அந்த எண்ணுக்குள் இல்லை.

உண்மையைச் சொன்னால் ரேஷன் கார்டும் உரிமைத்தொகையும் போய்விடாதா?

போகாது. ஆய்வுத் தாளில் பெயரை எடுத்துவிட்டு எண் மட்டும்தான் வைப்போம். பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை, பாதியில் போதும் என்றும் சொல்லலாம். ஆதார், வங்கிக் கணக்கு எண், ஓடிபி கேட்டால் அது ஆய்வு இல்லை. உடனே கதவைச் சாத்துங்கள்.

எவ்வளவு நேரம் ஆகும்?

ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் எங்கள் கேள்வித்தாள்தான் சரியில்லை. சமையல் நேரம், தண்ணீர் வரும் நேரம் என்றால் வேறு நேரம் சொல்லுங்கள், வருவோம்.

பலன் இல்லை என்று முடிவு வந்தால் திட்டத்தை நிறுத்திவிடுவார்களா?

எதில் பலன் இல்லை என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் 2008ல் ஏழைகளுக்கு அரசுக் காப்பீட்டைக் குலுக்கல் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பெரிதாக மாறவில்லை. ஆனால் மனச்சோர்வு குறைந்திருந்தது, ஆஸ்பத்திரிக் கடனில் முழுகுவது ஏறக்குறைய நின்றே போயிருந்தது. கடனில் முழுகாமல் இருப்பதும் பலன்தான். பீகாரின் போஜ்பூர் மாவட்டத்தில் 400 கிராமங்களில் இரும்புச்சத்து சேர்த்த உப்பைச் சோதித்தபோது ரத்தசோகையே குறையவில்லை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கும்போது, உப்பு போதும் என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது என்பதையாவது அது சொல்லிவிட்டது. அந்த மாதிரி முடிவு வந்தால் வேறு வழி தேட வேண்டும், அந்தப் பணத்தை வேறு வழியில் அதே பெண்களுக்குச் செலவழிக்க வேண்டும்.

எங்களிடம் கேட்டு எழுதியதன் முடிவை எங்களுக்குச் சொல்வீர்களா?

சொல்ல வேண்டும். பல ஆய்வுகளில் இது நடப்பதில்லை, அது பெரிய குறை. ஒரு பக்கத்துக்குள், தமிழில், படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டும் அளவுக்கு எளிதாக எழுதி ஊர்க்கூட்டத்தில் சொல்வதை நாங்கள் பயிற்சியிலேயே சேர்த்துவிட்டோம். உங்கள் வீட்டுக்கு வருகிறவர்களிடம், முடிவை எப்போது, எங்கே சொல்வீர்கள் என்று முதலிலேயே கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால் கேள்விகளுக்கு உட்கார வேண்டாம்.